கைதட்டலுக்கு முன் ஒரு கேள்வி

தன்முனைப்பு முகாம்களில் லீ சுன்சினின் கதையைச் சொல்வதில் நமக்கு ஒரு பெருமிதம். சிங்தாவ் பகுதியின் ஏழை உழவர் குடும்பத்துச் சிறுவன், 11 வயதில் பாலே பயிலப் பெய்ஜிங் சென்றார். பின்னாளில் அமெரிக்காவின் ஹூஸ்டன் பாலே குழுவில் புகழ்பெற்றார். "அவர் வீட்டைப் பிரிந்து சாதிக்கவில்லையா?" என்று முடிப்போம். பிள்ளைகள் கைதட்டுவர். நானும் அவ்வாறு முடித்தவன்தான்.

ஆனால் 2003இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் சொல்வது வேறு. பாலே இன்னதென்றே அறியாமல் சென்றவர் அவர். இரவுகளில் தாய் தைத்துத் தந்த போர்வைக்குள் முகம் புதைத்து அழுதார். சீனப் புத்தாண்டுக்குத்தான் வீடு திரும்ப முடிந்தது. அந்தப் போர்வையை மட்டும் நாம் ஏன் மேடையில் விரிப்பதில்லை?

மாவோ காலத்துச் சீனா அப்படித்தான் என்று ஒதுக்கிவிட இயலாது. 2019இல் வியன்னா அரசு ஓப்பராவின் பாலே பள்ளியில் மாணவர்கள் அடிக்கப்பட்டதாகவும் உடலமைப்பைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்டதாகவும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. பிள்ளைகளின் நலன் புறக்கணிக்கப்பட்டது என்றே விசாரணைக் குழுவும் அவ்வாண்டு இறுதியில் கூறியது. புகழ்பெற்ற பள்ளி, பழம்பெருமை வாய்ந்த நகரம்! நாமாக இருந்தால் இடம் கிடைத்ததற்கு இனிப்பு வழங்கியிருப்போம்.

வீட்டிலிருந்து சென்றுவரும் பிள்ளையின் கன்றிய காலை அன்று மாலையே தாய் கண்டுவிடுவாள். விடுதிப் பிள்ளையிடம் இருப்பது தொலைபேசி ஒன்றே. அதிலும் நாம் என்ன சொல்கிறோம்? "பொறுத்துக்கொள், பிறகு பெரிய ஆளாகலாம்." அடுத்த முறை அப்பிள்ளை வாய்திறக்குமா?

பெற்றோரே, எக்கலைக்காகவேனும் பிள்ளையைத் தொலைவில் விடுமுன், அடித்தவர் நடன ஆசிரியராகவே இருந்தால் அது யாரிடம் போய்ச் சொல்லும் என்று அப்பள்ளியைக் கேளுங்கள். ஒரு பெயரும் வரவில்லையென்றால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுவிடுங்கள்.