சிப்பாய் வீட்டுக் கணக்கு



ஆவடி வட்டாரத்தில் கடை வைத்திருப்பவருக்குப் படைக் குடும்பங்கள் புதிதல்ல. டாங்கித் தொழிற்சாலை, விமானப் படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம் எல்லாம் இங்கே உண்டு. அந்தக் குடும்பங்களின் மாதக் கணக்கில் நிமிர்ந்த மளிகைக் கடைகள் பல. ஆனால் நாம் அவர்களிடம் எப்போதும் சரியாக நடந்துகொண்டோமா?

1987-ல் இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதிப் படையில் சுமார் 1,200 வீரர்கள் மாண்டார்கள். 1990 மார்ச்சில் மீதிப் படை சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது, அன்றைய முதல்வர் கலைஞர் மு. கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்பதற்கில்லை என்பது அவர் நிலை. மக்கள் கோபத்துக்கும் காரணம் இருந்தது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனையில் டாக்டர்களும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டதை யார் மறக்க முடியும்?

ஆனால் அந்தக் கோபம் கடைத்தெருவுக்கும் வந்தது. கணவன் இலங்கையில் இருக்க, இங்கே பிள்ளைகளோடு தனித்திருந்த பெண்களைச் சாமான் வாங்கும் இடத்தில் குத்திப் பேசினார்கள். நானே காதால் கேட்டிருக்கிறேன்.

படையை அனுப்பியது டெல்லி அரசு. கம்பெனி விலையை ஏற்றினால், சரக்கு இறக்க வந்த லாரிக்காரரை ஏசுவோமா? அத்துமீறியவன் எவனோ, அவனை விசாரித்துத் தண்டிக்க வேண்டியது அரசு. துவரம்பருப்பு வாங்க வந்த பெண் என்ன குற்றம் செய்தாள்?

1999-ல் கார்கில் போருக்கு உண்டியல் வைத்து நிதி திரட்டினோம். நல்ல காரியம்தான். ஊரே புகழும் போருக்கு பேனர் கட்டுவது எளிது. ஊருக்குப் பிடிக்காத போருக்கு அனுப்பப்பட்டவன் வீட்டை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் நம் யோக்கியதை தெரியும். போரை எதிர்ப்பவரும் அந்த வீட்டுக்குத் துணை நிற்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "எல்லாம் கேன்டீனில் மலிவாகக் கிடைக்கிறதே, இங்கே எதற்கு வந்தீர்கள்?" என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு. அதே கேன்டீன் சரக்கை வெளியில் வாங்கி, கடையில் வைத்து விற்பவர்களும் உண்டு. கேன்டீன் சலுகை அவர்களுக்கு உரியது. அதில் நமக்குப் பங்கு கிடையாது.

நாம் செய்யக்கூடியது இதுதான். கணவன் எல்லையில் இருக்கும் வீட்டில் பணம் வர ஒரு வாரம் தாமதமானால் பற்று நோட்டை நீட்டி நிற்க வேண்டாம். அரிசி மூட்டையை வீட்டில் இறக்கிக் கொடுங்கள். ஓய்வு பெற்று வந்தவரைக் காவலுக்கு வைத்தால் நியாயமான சம்பளம் கொடுங்கள். தராசில் யார் வீட்டுச் சாமான் என்று பார்ப்பதில்லை. பேச்சிலும் அந்த நேர்மை இருக்கட்டும்.