பிளானில் கையெழுத்து போடும் இன்ஜினியர்... கடைசியாக பாடம் படித்தது எப்போது?

பென்னாகரம்:

பென்னாகரம் பஸ் நிலையத்தை சுற்றி ஒரு நடை நடந்தால் போதும். மாடிப்படி பக்கத்திலும் ஜெராக்ஸ் கடை மேலேயும் பிளான், எஸ்டிமேட், பேங்க் லோன் என்று போர்டு தொங்கும். கீழே இன்ஜினியர் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும். வீடு கட்டுகிற ஆள் போர்டை பார்க்கிறார், மாடி ஏறுகிறார், பிளானை வாங்கிக்கொண்டு இறங்குகிறார். அதற்கப்புறம் வேலையை மேஸ்திரி பார்த்துக்கொள்கிறார்.

வருஷக்கணக்காக இப்படித்தான் ஓடிக்கொண்டு இருக்கிறது. ஆனால் இப்போது நிலைமை கொஞ்சம் மாறிப்போச்சு. அது இன்னும் பல பேருக்கு தெரியவில்லை என்பதுதான் கவலை.

அதிகாரி வரமாட்டார்

2024 ஜூலை 22-ந்தேதி தமிழக அரசு சுயசான்று திட்டத்தை தொடங்கியது. 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனில் விண்ணப்பித்தால் உடனே அனுமதி. ஆபீஸ் ஆபீசாக அலைய வேண்டாம். யாரும் இடத்தை வந்து பார்த்து நாள் கடத்தமாட்டார்கள். ஏழை, நடுத்தர மக்களுக்கு இது பெரிய நிம்மதி. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறதே. முன்னாடி பேருக்காவது ஒருத்தர் வந்து இடத்தை பார்த்தார். இப்போது அந்த கண்ணும் இல்லை. சரியாக கட்டுவேன் என்று நாமே உறுதி கொடுத்துவிட்டோம். பென்னாகரம் பக்கம் கட்டுகிற வீடுகளில் முக்கால்வாசி இந்த அளவுக்குள் அடங்குகிற வீடுகள்தான். அப்படி என்றால் பில்லரில் எத்தனை கம்பி, கலவையில் எவ்வளவு தண்ணீர் என்று தட்டிக்கேட்க தெரிந்த ஒரே ஆள் நாம் வைத்திருக்கிற இன்ஜினியர்தான். அவருக்கு தெரிந்த அளவுதான் நம் வீட்டுக்கு பாதுகாப்பு.

அவருக்கு எவ்வளவு தெரியும்?

2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள், இன்ஜினியர்களை படிப்பு, அனுபவம் பார்த்து தரம் பிரித்து பதிவு செய்யச் சொல்கிறது. நல்ல விஷயம். ஆனால் படிப்பு என்பது காலேஜில் முடிந்துபோன கதை. 1995-ல் டிப்ளமோ முடித்தவர் 1995-ல் சொல்லிக்கொடுத்ததைத்தான் படித்திருப்பார். அதற்கப்புறம் சிமெண்டு மாறிவிட்டது, மணல் மாறிவிட்டது, விதிப்புத்தகமும் மாறிவிட்டது.

மணலையே எடுத்துக்கொள்வோம். அன்றைக்கு ஆற்று மணல். இன்றைக்கு லாரியில் வந்து இறங்குவது எம்-சாண்ட். இரண்டும் ஒன்றல்ல. ஆற்று மணலில் மாவு மாதிரியான நைஸ் தூள் நூற்றுக்கு 3 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. கல்லை உடைத்து எடுக்கிற மணலில் 15 பங்கு வரை போகலாம் என்கிறது 2016-ல் திருத்திய இந்திய தர விதி. தூள் கூடினால் கலவை தண்ணீரை இழுக்கும். மேஸ்திரி இன்னும் ரெண்டு பக்கெட் ஊற்றுவார். கான்கிரீட் அங்கேயே பலம் இழந்துவிடும். அதோடு, எம்-சாண்ட் என்று பில் போட்டு கிரஷர் டஸ்ட்டை இறக்கிவிட்டு போகிற கதையும் நம் ஊருக்கு புதிதில்லை. கையில் எடுத்துப் பார்த்ததும் இது எது என்று சொல்லத் தெரிய வேண்டும். காலேஜில் ஆற்று மணலை மட்டும் பார்த்தவருக்கு யாராவது சொல்லிக்கொடுத்தால்தானே தெரியும்?

அடுத்து சிமெண்டு. தளம் போட்டால் ஏழு நாள் தண்ணீர் கட்டினால் போதும் என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. அந்த கணக்கு பழைய ஓ.பி.சி. சிமெண்டுக்கு சொன்னது. இன்றைக்கு கடையில் அதிகம் விற்பது சாம்பல் கலந்த பி.பி.சி. இதற்கு குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும், 14 நாள் கட்டினால் நல்லது என்று ஐ.எஸ்.456 விதி சொல்கிறது. அந்த விதி வந்தது 2000-ல். கால் நூற்றாண்டு ஆச்சு. இன்றும் எட்டாம் நாள் காலையில் பாத்தியை உடைத்து விடுகிறோம். மூட்டை மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பவர் யார்?

தண்ணீர் கணக்கும் அப்படித்தான். சாதாரண வீட்டு தளத்துக்கு போடுகிற எம்-20 கலவையில், 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. 15 லிட்டர் பக்கெட் என்றால் ரெண்டே ரெண்டு. மணல் ஈரமாக இருந்தால் அதைவிட குறைவு. தளம் போடுகிற அன்றைக்கு நின்று எண்ணிப் பாருங்கள். மனசு பதறும்.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு சங்கதி. தர்மபுரி தண்ணீர் என்றாலே புளோரைடு என்பார்கள். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டம் வந்து 2013-ல் தண்ணீர் விட்டார்கள். புளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும். கட்டிடத்து கம்பியை தின்பது அது இல்லை, உப்பில் இருக்கிற குளோரைடு. கம்பி போடுகிற கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல் இருக்கிற தண்ணீர் ஆகாது. போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து டெஸ்டுக்கு அனுப்பச் சொன்ன இன்ஜினியரை நீங்கள் பார்த்ததுண்டா?

பூகம்பம் நமக்கு இல்லையா?

2001 ஜனவரி 26 குஜராத் பூகம்பத்துக்கு பிறகு, 2002-ல் நில அதிர்வு விதிப்புத்தகத்தை திருத்தினார்கள். அதில் தர்மபுரி மூன்றாவது மண்டலத்தில் இருக்கிறது. கேட்டால் பல பேர் சிரிப்பார்கள். ஆனால் அதற்கு தகுந்த மாதிரி பில்லர் ரிங்கின் முனையை 135 டிகிரி உள்ளே மடக்க வேண்டும். நம் பக்கம் கம்பி கட்டுகிறவர்கள் பெரும்பாலும் 90 டிகிரியில் மடக்கி கட்டிவிட்டு போகிறார்கள். ஆட்டம் வந்தால் ரிங் விரிந்து கொடுத்துவிடும். இதற்கு தனியாக கம்பி வாங்க வேண்டாம், முனையில் விரல் நீளம் கூட விட்டால் போதும். ஆனால் சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டும்.

இதை எழுதுகிற எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. எங்கள் சித்தப்பா வீட்டில் தளம் போட்டு ஆறு வருஷம்கூட ஆகவில்லை. உள்பக்கம் காரை பெயர்ந்து விழுந்தது. தூளி கட்டுகிற கொக்கிக்கு பக்கத்தில். நல்லவேளை, குழந்தை அந்த நேரம் பாட்டி மடியில் இருந்தது. மேலே பார்த்தால் கம்பி துருப்பிடித்து வெளியே தெரிகிறது. கவர் பிளாக் வைக்கவே இல்லை. கம்பி சென்ட்ரிங் தகடு மேலேயே படுத்திருக்கிறது. ஒரு கவர் பிளாக்கின் விலை டீ காசு கூட இல்லை.

டாக்டருக்கு உண்டு, இவர்களுக்கு?

டாக்டர்கள் 5 வருஷத்துக்கு 30 மணி நேரம் தொடர் பயிற்சி வகுப்பில் உட்கார வேண்டும் என்று 2002-ல் மருத்துவ கவுன்சில் விதி போட்டது. வக்கீல்களுக்கு 1961-ல் இருந்து தனி சட்டம் உண்டு. பிளான் வரைகிற ஆர்க்கிடெக்ட்டுக்கு 1972 சட்டம். இன்ஜினியருக்கு மட்டும் நாடு முழுக்க அப்படி ஒரு சட்டம் வரவில்லை. குஜராத் மட்டும் 2006-ல் சிவில் இன்ஜினியர்களுக்கு தனிச்சட்டம் கொண்டு வந்தது. தமிழ்நாட்டில் பொறியாளர் சங்கங்கள் கவுன்சில் வேண்டும் என்று ரொம்ப நாளாக கேட்டு வருகின்றன. அந்த கோரிக்கை நியாயம்தான். ஆனால் கவுன்சில் என்பது இன்ஜினியர் மரியாதைக்கு மட்டும் இல்லை, தப்பு செய்தவரை பிடிக்கவும், படிக்காதவரை படிக்க வைக்கவும் என்பதையும் சேர்த்து கேட்கவேண்டும்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்தில் 1937 மார்ச் மாதம் நியூ லண்டன் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடம் கேஸ் கசிந்து வெடித்தது. கிட்டத்தட்ட 300 பேர் பலி, பெரும்பாலும் பிள்ளைகள். அந்த கேஸுக்கு வாசனை கிடையாது, கசிந்தது யாருக்கும் தெரியவில்லை. அந்த வருஷமே அங்கே இன்ஜினியருக்கு லைசென்ஸ் சட்டம் வந்தது. கேஸில் நாற்றம் சேர்க்க வேண்டும் என்ற விதியும் வந்தது. நம் வீட்டு சிலிண்டர் கசிந்தால் குப்பென்று வாடை அடிக்கிறதே, அதுவும் இப்படி சேர்க்கிற நாற்றம்தான். இன்றைக்கு டெக்சாஸில் லைசென்சை புதுப்பிக்க வருஷத்துக்கு 15 மணி நேரம் பயிற்சி காட்ட வேண்டும். அதில் ஒரு மணி நேரம் தொழில் நேர்மை பற்றியது.

நமக்கும் பாடம் வந்தது. 2014 ஜூன் 28-ந்தேதி சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடி கட்டிடம் மழையில் சரிந்து 61 பேர் பலியானார்கள். செத்தவர்களில் பெரும்பாலானவர்கள் அங்கே வேலை செய்த கூலித்தொழிலாளர்கள். பக்கத்து கட்டிடத்தை 2016 நவம்பர் 2-ந்தேதி வெடி வைத்து தகர்த்ததை டி.வி.யில் எல்லோரும் வேடிக்கை பார்த்தோம். பென்னாகரம், ஏரியூர் பக்கத்தில் இருந்து பெங்களூருக்கு கட்டிட வேலைக்கு போகிறவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. சாரத்தின் மேல் நிற்பது நம் ஆள். யாரோ ஒருவர் போடுகிற கணக்கை நம்பித்தான் நிற்கிறார்.

மாதக்கூட்டம் எதற்கு?

இன்ஜினியர் சங்கங்கள் சும்மா இல்லை. பல ஊர்களில் மாதம் ஒரு கூட்டம் போடுகிறார்கள். சிமெண்டு கம்பெனி, கம்பி கம்பெனியில் இருந்து ஆள் வந்து பேசுவார், அப்புறம் சாப்பாடு. செப்டம்பர் 15 விசுவேசுவரய்யா பிறந்தநாளில் பொறியாளர் தினம். அன்றைக்கு ரத்ததானம், மரக்கன்று, பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு. மைசூர் பக்கம் கே.ஆர்.எஸ். அணையை எழுப்பியவர் அவர். சிமெண்டுக்கு பதில் சுண்ணாம்பும் சுர்க்கியும் வைத்து கட்டிய அந்த அணையை தாண்டித்தான் ஒகேனக்கல்லுக்கு காவிரி வருகிறது. அவர் பெயரால் விழா எடுப்பது நமக்கும் பெருமைதான்.

ரத்ததானத்தை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ரத்தம் எல்லோரும் கொடுக்கலாம். கம்பி கணக்கு இவர்களால் மட்டும்தான் சொல்ல முடியும். கம்பெனிக்காரர் வந்து பேசினால் அவர் சரக்கைத்தான் புகழ்வார், அவர் பிழைப்பு அது. காலேஜ் பேராசிரியரையோ, ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை இன்ஜினியரையோ கூப்பிட்டு விதிப்புத்தகத்தை விரித்து வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அது வேறு கதை.

அந்த வகுப்பு இன்ஜினியரோடு நின்றுவிடவும் கூடாது. தளம் போடுகிற அன்றைக்கு இன்ஜினியர் பத்து நிமிஷம் எட்டிப்பார்த்துவிட்டு போய்விடுவார். நாள் முழுக்க நிற்பது மேஸ்திரி, கொத்தனார், கம்பி கட்டுகிறவர், சித்தாள். பாப்பாரப்பட்டியிலோ பென்னாகரத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மண்டபத்தில், ரெண்டு மூட்டை சிமெண்டும் கொஞ்சம் ஜல்லியும் போட்டு கலந்து காட்டினால் போதும். அதிகாரமாக சொல்லக்கூடாது. 30 வருஷம் கரண்டி பிடித்தவரிடம் நீ செய்வது தப்பு என்றால் யார் கேட்பார்?

அரசு வீடு கட்டுகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு கொடுத்தது 3½ லட்சம். மேலே ஆகிற செலவு நகை அடகும் கந்துவட்டியும்தான். அந்த குடும்பத்துக்கு இன்னொரு தடவை தளம் போட வசதி கிடையாது. அவர்களிடம் தனியாக இன்ஜினியர் வைக்க பணமும் கிடையாது. சங்கத்துக்காரர்கள் முறை வைத்து வாரத்துக்கு ஒரு வீடு, கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் மட்டும் போய் கம்பியை பார்த்து சொன்னால் எவ்வளவு பெரிய உதவி?

அதுவரைக்கும் நாம் சும்மா இருக்கவேண்டியதில்லை. அடுத்த தடவை மாடி ஏறும்போது பிளான் எவ்வளவு என்று கேட்பதோடு இதையும் கேளுங்கள். சார், கடைசியாக எந்த பயிற்சிக்கு போனீங்க? நாங்க வாங்கியிருக்கிற சிமெண்டுக்கு எத்தனை நாள் தண்ணி கட்டணும்? கம்பி கட்டி முடிச்சதும் நீங்க வந்து பார்ப்பீங்களா, இல்லை மேஸ்திரி போட்டோ அனுப்பினால் போதுமா?