பன்னை வேரோடு பிடுங்க வேண்டாம்

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு ஏற்ற கைப்பணி எது என்று பேசும்போது பலரும் பனையோலையையே நினைக்கின்றனர். ஆனால் 2009இல் முடிந்த யுத்தத்தில் எண்ணற்ற பனைகள் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாகத் தறிக்கப்பட்டுவிட்டன. இன்று நடும் பனம்விதை மரமாகப் பல வருடங்கள் செல்லும்.

குளக்கரைச் சேற்றில் வளரும் பன் அப்படியல்ல. மேலே வெட்டினாலும் சேற்றினுள் கிடக்கும் கிழங்கிலிருந்து மீண்டும் தளிர்க்கும். மட்டக்களப்புப் பகுதிப் பெண்கள் அதை வெட்டி, வெயிலில் உலர்த்தி, பாயும் பையும் கூடையும் இழைத்து வருகின்றனர். இதற்குக் காணி உறுதி வேண்டியதில்லை. பெரிய முதலும் வேண்டியதில்லை.

ஆயினும் மூன்று விடயங்களில் நாம் கவனமாயிருக்க வேண்டும் என்பது எமது கருத்து.

முதலாவது, பன்னை வெட்ட வேண்டும், பிடுங்கக் கூடாது. வேரும் போய்விட்டால் அலை கரையை அரிக்கும். மண் சேர்ந்து குளம் தூர்ந்தால் வயலுக்குத்தான் நீர் குறையும்.

இரண்டாவது, நாம் தங்கியிருக்கும் ஊரின் பன் அவ்வூராரின் பிழைப்புமாகும். அங்குள்ள கமக்காரர் அமைப்புடன் பேசி, யார் எப்பகுதியை எப்போது வெட்டுவது என்று முறை வைத்துக்கொள்வோம்.

மூன்றாவது, “பன் சும்மா கிடைத்ததுதானே” என்று வியாபாரி விலையைக் குறைப்பார். பன் சும்மா கிடைக்கலாம். அதை வெட்டவும் உலர்த்தவும் இழைக்கவும் சென்ற நாட்கள் சும்மா வந்தவையல்ல. கூலிக்குப் போன நாட்களைப் போலவே அவற்றையும் எண்ணி விலை சொல்வோம். தனியே விற்றால் வியாபாரி சொல்வதே விலை. பத்துப் பெண்கள் சேர்ந்து விற்றால் எமது சொல்லுக்கும் இடமுண்டு.