சலவை சோடா, பிரஷர் குக்கர்... தும்மலபள்ளியில் யுரேனியம் எடுப்பது எப்படி?

ஒரு டன் பாறையை வெட்டி எடுத்து, மாவாக அரைத்து, ரசாயனத்தில் ஊறவைத்தால் எவ்வளவு யுரேனியம் கிடைக்கும்? அரை கிலோகூட தேறாது. ஆந்திராவின் கடப்பா மாவட்டம், தும்மலபள்ளியில் பொதுத்துறை நிறுவனமான யுசிஐஎல் 2012-ல் திறந்த ஆலையின் நிலவரம் இதுதான். இவ்வளவு தரம் குறைந்த தாதுவில் யுரேனியம் எடுப்பது எப்படிக் கட்டுப்படியாகும்?

ஆசிட் ஏன் செட்டாகவில்லை?

ஜார்க்கண்டின் ஜாதுகுடா ஆலையில் 1968 முதல் கந்தக அமிலம்தான். விலை குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். தும்மலபள்ளி பாறையோ சுண்ணாம்புச் சத்து நிறைந்த டோலமைட். ஆசிட் பட்டாலே நுரைத்துப் பொங்கும். யுரேனியம் கரைவதற்குள் பாறையே ஆசிட்டைக் குடித்துத் தீர்த்துவிடும். டேங்கர் டேங்கராக ஊற்றினாலும் கட்டுப்படியாகாது.

அப்போ என்ன வழி?

சோடியம் கார்பனேட், சோடியம் பைகார்பனேட். அதாவது, சலவை சோடாவும் ஆப்ப சோடாவும்! இவை பாறையைப் பெரிதாகத் தொடாமல் யுரேனியத்தைக் கரைத்துக்கொண்டு வந்துவிடும். என்ன, ரொம்ப மெதுவாக நடக்கும். அதனால் தாதுவை நைசாக அரைத்து, பிரஷர் குக்கர் மாதிரியான கலனில் ஆக்சிஜன் செலுத்தி, 120 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் வேகவைக்க வேண்டும்.

இதனால் கரன்ட், எரிபொருள் செலவு எகிறும். அதை ஈடுகட்டுவது மறுசுழற்சி. யுரேனியத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் சோடா கரைசலைச் சரிசெய்து, மறுபடி ஆலைக்கே அனுப்புகிறார்கள். சிக்கனத்தின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

மிச்சப் பாறை எங்கே போகிறது?

கிட்டத்தட்ட வந்த டன் அப்படியே சேறாகக் கழிவுக் குட்டைக்குப் போகிறது. தாதுவில் இருந்த கதிரியக்கத்தில் சுமார் 85% அதிலேயே தங்கிவிடும். காரணம், ரேடியம் போன்ற தனிமங்கள். ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள்.

போர்வெல் தண்ணீர் கெட்டுவிட்டது, வாழைத் தோட்டம் கருகுகிறது என்று குட்டையைச் சுற்றியுள்ள கிராம மக்கள் புகார் சொன்னார்கள். ஆலை நிர்வாகம் மறுத்தது.

ஆலைக்குள் சோடாவை மிச்சம் பிடிப்பது கெமிஸ்ட்ரி. ஆனால் குட்டையின் அடியில் கசிவைத் தடுக்கும் விரிப்பு, தொடர்ச்சியான தண்ணீர்ப் பரிசோதனை, பல தலைமுறைக்கான காவல் எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. அதையும் சேர்த்துக் கூட்டினால்தான் ஒரு கிலோ யுரேனியத்தின் உண்மையான விலை தெரியும். அந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டாலும், பில் போவது பக்கத்து ஊருக்குத்தான்.