பச்சை அரிதாரம்

பெரிய கம்பெனிகள் வருஷா வருஷம் வெளியிடுகிற அறிக்கைகளை நம்மில் யாரும் படிப்பதில்லை. பங்கு வாங்கி வைத்திருப்பவர்கள்கூடப் படிப்பதில்லை. டிவிடெண்டு எவ்வளவு என்று பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறார்கள். இது தவறு என்பது என் அபிப்பிராயம். நாவல் படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் அவசியம் படிக்க வேண்டிய சரக்கு அது. அதில் கதாநாயகன் உண்டு; அவனுக்குச் சோதனைகள் உண்டு; மனமாற்றம் உண்டு; முடிவில் மங்களமும் உண்டு. ஒரே ஒரு வித்தியாசம்தான். நாங்கள் கதை எழுதினால் கதை என்று சொல்லி விற்கிறோம்.

கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு படிப்பை முடித்துக்கொண்டவன் நான். பொருளாதார சாஸ்திரம் எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனால் ஒரு பாத்திரம் முதல் அத்தியாயத்தில் சொன்னதை மூன்றாம் அத்தியாயத்தில் மறந்துவிட்டால் அதைக் கண்டுபிடிக்கத் தெரியும். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டுதான் பி.பி. என்கிற பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனியைப் பற்றிப் பேசப் போகிறேன்.

உலகத்தின் மிகப் பெரிய எண்ணெய் ஸ்தாபனங்களில் அது ஒன்று. கிணறு தோண்டுவதும் அதுதான். கப்பலில் ஏற்றுவதும், ஆலையில் சுத்திகரிப்பதும், சாலையோரத்துப் பம்பில் விற்பதும் அதுதான். நடுவில் இருந்து வாங்கி விற்று லாபம் பார்ப்பதும் அதுவே. நம் பழைய கூட்டுக் குடும்பம் மாதிரி ஓர் ஏற்பாடு. கச்சா எண்ணெயின் விலை விழுந்தால் கிணற்றைக் கவனிக்கிற அண்ணனுக்குக் கஷ்டம். ஆனால் மலிவாக எண்ணெய் வாங்கிச் சுத்திகரிக்கிற தம்பி கை கொடுத்துவிடுவான். எந்தப் பக்கம் காற்றடித்தாலும் அடுப்பு எரியும். நூறு வருஷத்துக்கு மேல் இந்தக் குடும்பம் நிலைத்திருப்பதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம், சமயம் பார்த்துப் பெயரை மாற்றிக்கொள்ளும் சாமர்த்தியம்.

1908-இல் பாரசீகத்தில், மஸ்ஜித் சுலைமான் என்ற இடத்தில் எண்ணெய் பீறிட்டது. அடுத்த வருஷம் 'ஆங்கிலோ-பெர்ஷியன்' கம்பெனி பிறந்தது. அதைப் பெற்றெடுத்தது பர்மா ஆயில் கம்பெனி. 'பர்மா ஷெல்' மண்ணெண்ணெய் டின்னை நம் வீட்டுப் பாட்டிமார்கள் அறிவார்கள்; அந்தப் பர்மாவேதான். 1914-இல், சர்ச்சில் கடற்படை மந்திரியாக இருந்த காலத்தில், பிரிட்டிஷ் சர்க்காரே கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கை வாங்கிக்கொண்டது. 1935-இல் 'ஆங்கிலோ-இரானியன்' என்று பெயர் மாறிற்று. தன் மண்ணிலிருந்து போகிற எண்ணெய்க்கு இரான் பெற்ற பங்கைவிட, அதே எண்ணெயின் பேரில் பிரிட்டிஷ் கஜானா வாங்கிய வரி அதிகம் என்கிற நிலை வந்தபோது, அந்த ஜனங்களுக்குப் பொறுக்கவில்லை. 1951-இல் மொஸாதேக் எண்ணெயைத் தேசிய உடைமை ஆக்கினார். 1953-இல் பிரிட்டிஷ், அமெரிக்க ரகசிய ஸ்தாபனங்கள் கைகோத்து அவரைக் கவிழ்த்தன. மறு வருஷமே கம்பெனி 'பிரிட்டிஷ் பெட்ரோலியம்' என்று புதுப்பெயர் சூட்டிக்கொண்டு, இரானின் எண்ணெய்க் கூட்டில் 40 சதவிகிதப் பங்கோடு திரும்பி வந்து உட்கார்ந்தது.

இந்தப் பூர்வ கதையை மனத்தில் வைத்துக்கொண்டு 2000-ஆம் வருஷத்துக்கு வாருங்கள். அந்த வருஷம் கம்பெனிக்கு மறுபடியும் ஞானஸ்நானம் நடந்தது. பழைய கேடயச் சின்னம் போய், பச்சையும் மஞ்சளுமாகச் சூரியகாந்தி போல ஒரு புதுச் சின்னம் வந்தது. பி.பி. என்ற எழுத்துகளுக்கு 'பெட்ரோலியத்துக்கு அப்பால்' என்று புதிய வியாக்கியானம் விளம்பரமாயிற்று. அப்பால் என்றால் எவ்வளவு தூரம்? 2005-இல் டெக்ஸாஸ் நகரத்துச் சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள். 2010 ஏப்ரலில் மெக்ஸிகோ வளைகுடாவில் துளையிடும் மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். கடலடிக் கிணறு 87 நாள் எண்ணெயைக் கக்கிற்று. அந்த ஒரு விபத்தால் கம்பெனிக்கு ஆன மொத்தச் செலவு 6,500 கோடி டாலருக்கு மேல். அப்புறம், 2011 டிசம்பரில், சூரிய சக்தித் தொழிலையே மூடிவிட்டது. சின்னத்திலிருந்த சூரியனை மட்டும் மூடவில்லை.

இனி நடந்ததுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. 2020-இல் பெர்னார்ட் லூனி என்பவர் தலைமை நிர்வாகியாக வந்தார். 2050-க்குள் கம்பெனியின் கரி வெளியீட்டை நிகரமாகப் பூஜ்யம் ஆக்குவோம் என்றார். ஆகஸ்டு மாதத்தில் இன்னும் திட்டவட்டமாக ஒரு பிரகடனம் வந்தது. 2030-க்குள் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40 சதவிகிதம் குறைப்போம். புதிய நாடுகளில் எண்ணெய் தேடிப் போகமாட்டோம். எந்தப் பெரிய எண்ணெய்க் கம்பெனியும் அதுவரை இப்படிச் சொன்னதில்லை. உலகமே கைதட்டிற்று.

கைதட்டியவர்கள் காலண்டரைப் பார்த்திருக்க வேண்டும். 2020 என்பது கொள்ளைநோய் ஆண்டு. விமானங்கள் தரையில் கிடந்தன. ஏப்ரலில் ஒரு நாள் அமெரிக்க எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்கும் கீழே போயிற்று. எண்ணெயை எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு விற்கிறவன் பணம் கொடுத்தான். கம்பெனிக்கு அந்த வருஷத்து நஷ்டம் 2,000 கோடி டாலர். டிவிடெண்டைப் பாதியாக வெட்டியிருந்தார்கள். பட்டினி கிடக்க நேர்ந்த நாளில் ஏகாதசி விரதம் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு கௌரவம் இருக்கிறது. விரதமா, பட்டினியா என்பது மறுநாள் இலை போட்டவுடன் தெரிந்துவிடும்.

இலை 2022-இல் போடப்பட்டது. ருஷ்யா உக்ரேனுக்குள் படையெடுத்தது. எண்ணெய் பீப்பாய் 100 டாலரைத் தாண்டிற்று. அந்த வருஷம் பி.பி. அறிவித்த லாபம் 2,770 கோடி டாலர். அதன் சரித்திரத்தில் அவ்வளவு லாபம் அதற்கு முன் இல்லை. விரதத்தைத் தொடர்வதற்கு அதைவிட நல்ல தருணம் ஏது? கையில் பணம் இருக்கிறது. காற்றாலையும் சூரியத் தகடும் வாங்கலாம். ஆனால் அந்த லாபத்தைச் சொன்ன அதே 2023 பிப்ரவரியில், அதே லூனியின் வாயால், 40 சதவிகிதம் 25 ஆயிற்று. செப்டம்பரில் லூனி தம் சொந்த விவகாரம் ஒன்றை நிர்வாகக் குழுவிடம் முழுமையாகச் சொல்லவில்லை என்று பதவியை விட்டுப் போனார். பின்வந்த மர்ரே ஆக்கின்க்ளாஸ் 2025 பிப்ரவரியில் மிச்சமிருந்த 25-ஐயும் துடைத்துவிட்டார். எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வருஷத்துக்கு 1,000 கோடி டாலர் முதலீடு. மாற்றுத் துறைகளுக்கு ஒதுக்கியிருந்ததில் 500 கோடிக்கு மேல் வெட்டு. உற்பத்தி குறையாது, கூடும். எல்லை மீறி, அவசரப்பட்டுப் போய்விட்டோம் என்பது அவர் சொன்ன விளக்கம். அவரும் 2025 டிசம்பரில் விலகிவிட்டார். ஆறு வருஷம் நாற்காலியில் நிலைக்காதவர்கள் முப்பது வருஷத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதை நாம் சாசனம் என்று வாங்கி வைத்துக்கொண்டோம்!

லாபம் என்று சொன்னேனே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022-இல் 2,770 கோடி லாபம் என்று தலைப்புச் செய்தி வந்த அதே அறிக்கையில், சட்டப்படி போட்ட கணக்கு 250 கோடி டாலர் நஷ்டம் காட்டுகிறது. ருஷ்யாவில் ராஸ்நெஃப்ட் கம்பெனியில் வைத்திருந்த பங்கை விட்டுவிட நேர்ந்ததில் 2,400 கோடியை எழுதித் தள்ள வேண்டியிருந்தது. 2024-இல் 'அடிப்படை லாபம்' 890 கோடி. சட்டக் கணக்கில் 38 கோடிதான். இதில் மோசடி கிடையாது. இரண்டு எண்களும் பகிரங்கமாக அச்சாகியிருக்கின்றன. வழக்கமான வியாபாரத்தில் சேராத செலவுகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் பெரிய எண். சேர்த்துப் பார்த்தால் சிறிய எண். எதைப் பெரிய எழுத்தில் போடுவது என்பதுதான் கலை. வாசகனின் கண் எங்கே விழும் என்று தெரிந்து வாக்கியத்தை அமைக்கிறவன் நான். இன்னொரு கலைஞனை எனக்கு அடையாளம் தெரியாதா?

உற்பத்தியைக் 'குறைப்பது' என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பாருங்கள். கிணற்றை மூடினாலும் கம்பெனிக் கணக்கில் உற்பத்தி குறையும். கிணற்றை விற்றாலும் குறையும். அலாஸ்காவில் இருந்த தன் தொழில் முழுவதையும் 560 கோடி டாலருக்கு ஹில்கார்ப் என்ற தனியார் கம்பெனிக்கு விற்க பி.பி. 2019-இல் ஒப்பந்தம் போட்டு, மறு வருஷம் கிணறுகளை ஒப்படைத்தது. அங்கே எண்ணெய் நின்றுவிட்டதா? ஒரு நாளும் நிற்கவில்லை. கணக்கு எழுதுகிற நோட்டுதான் மாறிற்று. அதுவும், பங்குச் சந்தைக்குப் பதில் சொல்ல வேண்டிய கம்பெனியின் நோட்டிலிருந்து, சொல்ல வேண்டாத கம்பெனியின் நோட்டுக்கு. வீட்டுக் குப்பையைப் பக்கத்துவீட்டு வாசலில் கொட்டிவிட்டுத் தெருவையே சுத்தம் செய்ததாகச் சொல்லிக்கொள்கிற காரியம் இது.

வங்கியில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. இதையெல்லாம் சொன்னால் சிரிப்பார். "உங்களுக்கு வியாபாரம் தெரியாது ஸார். கம்பெனி தர்ம சத்திரமா? பங்குதாரன் பணத்துக்கு அது பதில் சொல்ல வேண்டாமா? நீங்களும் நானும் பெட்ரோல் போடுகிறோமா இல்லையா?" என்பார்.

நண்பரின் கேள்வி நியாயமானதுதான். பெட்ரோல் போடுகிறோம். அந்தத் தேவை நம்முடையது. கம்பெனி மந்திரம் போட்டு அதை உண்டாக்கவில்லை. ஆனால் அந்தத் தேவையின் பழி முழுவதும் தனி மனிதன் தலையில் விழவேண்டும் என்று மெனக்கெட்டது யார்? 2000-ஐ அடுத்த சில வருஷங்களில், உன்னுடைய கரித்தடம் எவ்வளவு என்று நீயே கணக்குப் போட்டுப் பார் என்று இணையத்தில் ஒரு கருவியை வைத்து, அந்தச் சொல்லை ஊர் உலகமெல்லாம் பரப்பியதில் பி.பி.யின் விளம்பரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நாளெல்லாம் லட்சக்கணக்கான பீப்பாய் எடுத்து விற்கிறவர், வீட்டில் மின்விசிறியை நிறுத்த மறந்தவளைப் பார்த்து, "அம்மா, உன் பங்கு எவ்வளவு?" என்று கேட்கிறார். அவளும் குற்ற உணர்ச்சியோடு எழுந்து போய் நிறுத்துகிறாள்.

பங்குதாரன் என்றாரே, அவனும் ஒரே ஆள் அல்ல. 2025-இல் எலியட் என்ற முதலீட்டு நிறுவனம் சுமார் 5 சதவிகிதப் பங்கை வாங்கிக்கொண்டு, இன்னும் செலவைக் குறை, இன்னும் பணம் கொடு என்று நெருக்கிற்று. அதே ஏப்ரலில் நடந்த பொதுக் கூட்டத்தில் தலைவருக்கு எதிராக ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு ஓட்டு விழுந்தது. கொடுத்த வாக்கை மாற்றியதற்கு முன் எங்களை ஏன் கேட்கவில்லை என்று கோபப்பட்ட பங்குதாரர்களும் அதில் இருந்தார்கள். பங்குதாரனுக்காகத்தான் என்று சொல்லும்போது, எந்தப் பங்குதாரனுக்காக என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

வேறு சிலர், "எக்ஸான் எவ்வளவோ மேல், அவன் எதையும் வேஷம் போட்டு மறைக்கவில்லை" என்கிறார்கள். வேஷம் போடாததே புண்ணியம் என்றால் முகமூடி இல்லாமல் கன்னம் வைக்கிறவனுக்குப் பதக்கம் கொடுக்க வேண்டியதுதான். வீட்டுக்காரனுக்கு அவனும் கள்ளன், இவனும் கள்ளன்.

அப்படியானால் என்னதான் வழி? என் பதில் பழைய பதில். சட்டம். பெட்ரோலில் ஈயம் கலந்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இஞ்சின் முட்டாமல் ஓடவேண்டும் என்று 1920-களில் கலக்க ஆரம்பித்தார்கள். 1924-லேயே அமெரிக்காவில் அதைத் தயாரித்த இடத்தில் தொழிலாளிகள் சித்தம் கலங்கிச் செத்தார்கள். குழந்தைகளின் மூளையை ஈயம் கெடுக்கிறது என்பது பின்னால் ஐயத்துக்கு இடமில்லாமல் தெளிவாயிற்று. எந்த எண்ணெய்க் கம்பெனியின் கொள்கைப் பிரகடனத்தால் அது ஒழிந்தது? ஒன்றாலும் இல்லை. அரசாங்கங்கள் தேதி குறித்துத் தடுத்தன. நம் நாட்டில் 2000-இல் நின்றது. கடைசி நாடான அல்ஜீரியாவில் 2021-இல் நின்றது. அதற்காக எந்தக் கம்பெனியும் திவாலாகவில்லை. எல்லோருக்கும் ஒரே சட்டம் என்றவுடன், ஈயம் இல்லாமல் எண்ணெய் விற்க எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஆகையால், நல்ல மனத்தோடு ஒரு கம்பெனி திருந்த நினைத்தாலும் தனியாகத் திருந்த முடியாது என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். லூனி மனதறிந்து பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் வாக்கு விலைவாசியின் வாயில் அகப்பட்டுக்கொண்ட வாக்கு. எந்த மனிதனின் வாக்கும் அங்கே தங்காது. அதனால்தான் அந்த வாக்கை ஏற்றுக்கொண்டு சும்மா இருப்பது குற்றம் என்கிறேன். கம்பெனிகள் தாமாகவே பார்த்துக்கொள்ளும் என்று மந்திரிகள் ஓய்ந்திருப்பதற்கு அந்தப் பச்சைப் பக்கங்கள் சாக்காக உதவின. ஐந்து வருஷம் அப்படிப் போயிற்று. அந்த ஐந்து வருஷத்தை இனி எந்த அறிக்கையும் திருப்பிக் கொடுக்காது. அதன் வட்டியைப் புயலாகவும் வறட்சியாகவும் கட்டப் போகிறவர்கள் பங்குதாரர் பட்டியலிலேயே இல்லாத குழந்தைகள்.

அடுத்த வருஷமும் அறிக்கை வரும். வழவழப்பான தாளில், சிரிக்கிற முகங்களோடு வரும். அதில் பச்சைப் பக்கத்தைக் கண்டால் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: இதைச் செய்யத் தவறினால் யார் எவ்வளவு அபராதம் கட்டுவார்கள்? பதில் அந்தப் பக்கத்தில் இல்லையென்றால், அது எங்கள் ஜாதிச் சரக்கு. வாசித்து ரசியுங்கள், நம்பி விடாதீர்கள்.