குற்றம் குறைந்ததா, வழக்கு குறைந்ததா?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை வந்தவுடன், எந்த நகரம் பாதுகாப்பானது என்ற பட்டியல் தலைப்புச் செய்தியாகிவிடுகிறது. 20 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் 19 பெருநகரங்களின் கணக்கைக் காப்பகம் தனியே தருகிறது. தமிழகத்தில் இருந்து சென்னையும் கோவையும் அதில் உள்ளன. லட்சம் பேருக்கு எத்தனை வழக்கு என்பதுதான் அளவுகோல். எண் குறைந்தால் நகரம் பாதுகாப்பானது என்று எழுதிவிடுகிறார்கள்.

ஆனால், அங்கே எண்ணப்படுவது நடந்த குற்றம் அல்ல. காவல் நிலையத்தில் பதிவான வழக்கு. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் நம் மக்களுக்கு நன்றாகத் தெரியும். சாதியைச் சொல்லித் திட்டி அடித்தார்கள் என்று புகார் கொடுக்கப் போனால், பல நேரங்களில் கையில் கிடைப்பது சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது மட்டுமே. பிறகு இரு தரப்பையும் அழைத்துப் பேசி முடிக்கப் பார்ப்பார்கள். மறுத்தால் எதிர்ப்புகார் ஒன்று தயாராகும். மனு ரசீதோடு நின்றுபோன எந்தப் புகாரும் குற்றக் கணக்கில் ஏறுவதில்லை. அப்படிப் பார்த்தால், புகாரே வாங்காத காவல் நிலையம்தான் பட்டியலில் மிக அமைதியான இடம்.

நகரத்திலும் இதே கதைதான். மலக்குழியில் விஷவாயு தாக்கி இறப்பவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். இவ்வகை மரணங்கள் அதிகம் பதிவான மாநிலங்களில் தமிழகம் முன்னணியில் இருக்கிறது. கையால் மலம் அள்ளும் வேலையில் பட்டியல் சாதியினரை அமர்த்துவது வன்கொடுமை என்று 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. இருந்தும் பல மரணங்கள் கவனக்குறைவால் நேர்ந்தவை என்ற பிரிவிலேயே அடங்கிவிடுகின்றன. நகரத்தின் வன்கொடுமைக் கணக்கில் அந்த உயிர்கள் இல்லை.

மறுபுறமும் பார்க்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்களாக நாடு முழுவதும் பதிவான வழக்குகள் 2021இல் 50,900. 2022இல் அது 57,582 ஆனது. கொடுமை கூடியதா, துணிந்து புகார் கொடுப்பவர்கள் கூடினார்களா? எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. வழக்கு கூடியதைக் கண்டு அரசு வெட்கப்படத் தேவையில்லை. பதிவான வழக்கு எப்படி விசாரிக்கப்பட்டது, எப்படி முடிந்தது என்பதற்குத்தான் அது பதில் சொல்ல வேண்டும்.

ஆள் பற்றாக்குறையின் பாதிப்பு இங்கேதான் தெரிகிறது. வன்கொடுமை வழக்கை துணைக் கண்காணிப்பாளர் பதவிக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும் என்பது 1995ஆம் ஆண்டு விதி. 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். ஆனால் ஒரு டி.எஸ்.பி.யின் உட்கோட்டத்தில் பல காவல் நிலையங்கள். திருவிழா, அமைச்சர் வருகை, தேர்தல் பந்தோபஸ்து என எல்லாம் அவர் தலையில்தான். காவலர் எண்ணிக்கை கூடியது என்ற அறிவிப்பு வரும்போது, இந்த விசாரணைக்கென்று எத்தனை அதிகாரிகள் வந்தார்கள் என்று கேட்க வேண்டும். நிர்வாகத்திலும் காவல் துறையிலும் எல்லா நிலைகளிலும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் போதிய இடம் இருக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. நம் காவல் நிலையங்களில் அது எந்த அளவில் இருக்கிறது?

2024 ஜூலை 1 முதல் இன்னொரு சிக்கலும் சேர்ந்துள்ளது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு, 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்த இடம் தருகிறது. வன்கொடுமைக் குற்றங்கள் பலவற்றுக்கு உச்ச தண்டனை 5 ஆண்டு. ஆகவே இந்த வாசல் வழியாக நம் புகாரைத் தள்ளிப்போட முயலலாம். அதை ஏற்கக் கூடாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி, வழக்குப் பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சட்டத்தை நீர்த்துப்போகச் செய்தபோது, நாடு முழுவதும் தலித் மக்கள் தெருவில் இறங்கிப் போராடியதால் வந்த பிரிவு அது. 2020இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

எனவே, புகாரை எழுத்தில் கொடுங்கள். மனு ரசீதோடு திரும்பாதீர்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை. சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் தரலாம். வாங்க மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். 14566 என்ற கட்டணமில்லா எண்ணிலும் முறையிடலாம். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அதிகாரி மீது நடவடிக்கை எடுக்க 4ஆவது பிரிவு இருக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு வேலை. ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு, கண்காணிப்புக் குழு 3 மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். நம் மாவட்டத்தில் கடைசியாக எப்போது கூடியது, எத்தனை வழக்குகளில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனுவுக்கு ஆகும் செலவு 10 ரூபாய். நம் தெரு எவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறது என்பதை நகரப் பட்டியலை விட அந்தப் பதில் தெளிவாகச் சொல்லும்.