கடைசி பஸ் யார் கணக்கில்?

மைசூர் அரண்மனையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து சிறிது நடந்தால் நகர பஸ் நிலையம். சாமுண்டி மலைக்குப் போகிறவர்கள் 201-ஆம் எண் பஸ் பிடிப்பது இங்கேதான். இந்த நகரத்து பஸ்களுக்கு ஒரு பழைய பெருமை உண்டு. பஸ் எங்கே வருகிறது என்று செயற்கைக்கோள் மூலம் அறிந்து, நிறுத்தத்தில் உள்ள பலகையில் நேரம் காட்டும் ஏற்பாடு 2012 நவம்பரில் உலக வங்கி வழியாக வந்த உதவியுடன் இங்கே தொடங்கியது. சுமார் 500 பஸ்கள் அதில் இணைக்கப்பட்டன. அதற்கு முன்பே மத்திய அரசின் நேரு நகர்ப்புறத் திட்டம் புது பஸ்கள் வாங்கப் பணம் தந்திருந்தது. 2017-ல் 450 வாடகை சைக்கிள்களுடன் 'ட்ரின் ட்ரின்' வந்தது.

ரிப்பன் வெட்டக்கூடிய எதற்கும் நம் அரசுகளிடம் பணம் கிடைக்கும். ஆனால் இரவு ஒன்பதரை மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேருடன் புறநகருக்குப் போகிற பஸ்ஸின் டீசலுக்கும் டிரைவர் சம்பளத்துக்கும்? அது கழகத்தின் பாடு. 1997-ல் பெங்களூர் நகரத்துக்கென்று தனிக் கழகம் பிரிந்தது. மைசூர் நகர சர்வீஸ் கே.எஸ்.ஆர்.டி.சி.யின் பெரிய பேரேட்டில் ஒரு பக்கமாகவே தங்கிவிட்டது.

பஸ் ஓடுவதற்கென்றே அரசுப் பணம் பெரிய அளவில் வரத் தொடங்கியது 2023 ஜூன் 11-க்குப் பிறகுதான். அன்று மைசூர்க்காரரான சித்தராமையாவின் அரசு 'சக்தி' திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2021 முதல் பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்கள் இலவசம். கர்நாடகத்தில் வெளியூர் போகும் சாதாரண பஸ்களும் சேர்த்தி. 2025-26 பட்ஜெட்டில் இதற்கு ஒதுக்கிய தொகை 5,300 கோடி ரூபாய். இலவசம் என்றதும் முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு மாதச் சம்பளத்தில் பஸ் காசு மிஞ்சுவது சின்ன விஷயமா?

என் குறை வேறு. கண்டக்டர் கிழித்துத் தரும் பூஜ்ய ரூபாய் டிக்கெட்டை எண்ணித்தான் அரசு பணம் தருகிறது. ஆக, காலை எட்டரைக்குப் படிக்கட்டில் தொங்குகிற கூட்டம் வரவு. இரவு காலியாக ஓடும் பஸ் செலவு. கையைக் கடிக்கும்போது எந்த டிரிப்பை முதலில் வெட்டுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. வெட்டிய பிறகு, இரவு ஷிஃப்ட் முடித்து நிற்கும் பெண்ணின் இலவச டிக்கெட்டுக்கு ஏது மதிப்பு? இதற்கிடையே 2025 ஜனவரியில் கட்டணம் 15 சதவீதம் ஏறியது. அதைக் கையிலிருந்து கொடுப்பவர்கள் ஆண்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 5-ல், 38 மாத ஊதிய உயர்வு நிலுவையைக் கேட்டு ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நீதிமன்றம் தலையிட்டதும் பஸ்கள் மீண்டும் ஓடின.

டிக்கெட்டை எண்ணுவதற்குப் பதில், ஓடிய கிலோமீட்டரை எண்ணிப் பணம் தரலாம். இது ஒன்றும் விபரீத யோசனை அல்ல. மத்திய அரசு 2023-ல் அறிவித்த மின்சார பஸ் திட்டம், பஸ்ஸை இயக்குவதற்கே பத்தாண்டு உதவி தருகிறது. கணக்கு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்றுதான். சக்தி பணத்தில் ஒரு பங்கை இரவு டிரிப்புகளுக்கும் ஊர் ஓரத்து வழித்தடங்களுக்கும் என்று ஒதுக்கினால், கடைசி பஸ் எப்போதும் நஷ்டக் கணக்கில் நிற்காது. பஸ் நிஜமாகவே ஓடியதா என்று தணிக்கைக்காரர்கள் கேட்பார்கள். அதைச் சொல்லத்தான் செயற்கைக்கோள் ஏற்பாடு இருக்கிறதே.